குளுக்கோசு விட்டதும் புற்றுக் கலத்தின் மூச்சு அடங்கவில்லையா? ஒட்சிசன் மின்வாயில் அறிகுறி பார்த்துத் திருத்தும் முறை

எங்கள் ஆய்வுகூடத்தில் இருப்பது ஒரேயொரு ஒட்சிசன் மின்வாய். கலங்கள் கிடக்கும் கரைசலில் எவ்வளவு ஒட்சிசன் மிஞ்சியிருக்கிறது என்பதை அது கோடாக வரைந்து காட்டும்; கலங்கள் மூச்சுவிட்டு ஒட்சிசனை எடுக்க எடுக்கக் கோடு இறங்கும். அதன் முன்னால் அமரும் மாணவர்கள் ஆண்டுதோறும் மாறுகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் முறைப்பாடு மட்டும் மாறுவதில்லை. "அக்கா, குளுக்கோசு விட்டேன், கோடு அப்படியே போகிறது" என்பார் ஒருவர். "விடாமலே இறங்குகிறது அக்கா" என்பார் அடுத்தவர். அதே திருத்தத்தைச் செய்து, அதே பதிலைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். நான் விடுப்பில் இருக்கும் நாளில் யாரும் காத்துக் கிடக்கக் கூடாது என்பதற்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

பரிசோதனை இதுதான்: புற்றுக் கலங்களுக்குக் குளுக்கோசு கொடுத்தால் அவை ஒட்சிசன் எடுப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. 1929 இல் கிராப்ட்ரீ என்ற ஆய்வாளர் இதைக் கவனித்து எழுதினார். அவர் பெயராலேயே கிராப்ட்ரீ விளைவு என்கிறோம். ஏன் குறைகிறது என்பதற்குப் பாடநூல்கள் இருக்கின்றன. கோடு பிழைத்தால் எங்கே கை வைப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

காசு செலவாகாத காரணத்தை எப்போதும் முதலில் பாருங்கள். மின்வாயைக் கழற்றும் முன் தண்ணீரைப் பாருங்கள். கலங்களைக் குறை சொல்லும் முன் போத்தலில் ஒட்டியிருக்கும் சிட்டையை வாசியுங்கள். இந்த வேலையில் கையாளும் ஒலிகோமைசின் (கலத்தின் மூச்சுப் பொறியான இழைமணி, சக்தி தரும் ஏரிபியை (ATP) ஆக்குவதைத் தடுப்பது), அன்ரிமைசின் (சுவாசத்தையே நிறுத்துவது), இணைப்பு நீக்கிகள் (சுவாசத்தை ஏரிபி ஆக்கத்திலிருந்து பிரித்து, தடையின்றி ஓடவிடுபவை) ஆகியவை உங்கள் உடலின் கலங்களையும் விட்டுவைக்காத நஞ்சுகள். கையுறை இல்லாமல் அவற்றைத் தொடக் கூடாது.

## சரியான கோடு எப்படி இருக்கும்

மின்வாயின் மேல் கலங்களை ஊற்றும் சிறு அறை 2 மில்லிலீற்றர் கொள்ளும். வெப்பநிலை 37 பாகை. குளுக்கோசு இல்லாத, அமிலகார நிலையைக் காக்கும் ஹெப்பஸ் சேர்த்த கரைசலில் கழுவிய ஹீலா (HeLa) என்னும் புற்றுக் கலங்களை மில்லிலீற்றருக்கு 2 முதல் 5 மில்லியன் என்ற அளவில் விடுகிறோம். முதல் ஐந்து நிமிடம் கோடு நேராக, ஒரே சரிவில் இறங்க வேண்டும். பிறகு 1 மோலர் குளுக்கோசுக் கரைசலில் 20 மைக்ரோலீற்றர் விட்டால் அறையில் செறிவு 10 மில்லிமோலர் ஆகும். ஓரிரு நிமிடத்துக்குள் சரிவு தளர வேண்டும். எவ்வளவு தளரும் என்பது கலத்தின் இனத்தைப் பொறுத்தது. கடைசியில் இணைப்பு நீக்கியைச் சிறிது சிறிதாக விட்டால் கோடு மீண்டும் செங்குத்தாக இறங்கும்.

இந்த மூன்றும் ஒழுங்காக வந்தால் நேரே ஆறாம் அறிகுறிக்குப் போங்கள். எல்லாம் சரியாக வந்தவர்கள்தான் அதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

## அறிகுறி 1: கலம் போடாமலே கோடு இறங்குகிறது, அல்லது ஏறுகிறது

மின்வாய் தானும் கொஞ்சம் ஒட்சிசனைத் தின்னும். ஆகவே மிக மெல்லிய இறக்கம் இயல்பானது. அதை அளந்து கழித்துவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அளவில் இறங்கினாலோ ஏறினாலோ கீழே உள்ள வரிசையில் போங்கள்.

### கரைசல் குளிர்ந்திருந்ததா?

குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததை உடனே ஊற்றியிருந்தால் அது சூடேறும்வரை கோடு நிலைக்காது. நீரில் கரையும் ஒட்சிசனே வெப்பத்தோடு மாறுகிறது: காற்றால் நிறைந்த தூய நீரில் 25 பாகையில் ஏறத்தாழ 258 மைக்ரோமோலர், 30 பாகையில் 236, 37 பாகையில் 210. அளவுத்திருத்தத்தை 30 பாகையில் செய்துவிட்டு 37 பாகையில் அளந்தவருக்கு எல்லா எண்களும் பிழைத்துப்போகும். பங்குனி, சித்திரையில் எங்கள் ஆய்வுகூடத்தின் வெப்பம் சாதாரணமாகவே 30ஐத் தாண்டுகிறது. "அறை வெப்பநிலை" என்று குறிப்பேட்டில் எழுதாதீர்கள். வெப்பமானியைப் பார்த்து எண்ணை எழுதுங்கள்.

### மூடியின் கீழ்க் காற்றுக்குமிழி இருக்கிறதா?

கைவிளக்கை அறையின் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கடுகளவு குமிழி போதும், அதிலிருக்கும் ஒட்சிசன் மெல்ல மெல்லக் கரைந்து உங்கள் அளவீட்டைப் பொய்யாக்கிவிடும். மூடியைச் சற்றுச் சாய்த்து இறக்கினால் குமிழி ஓரத்தால் வெளியேறும்.

### வெப்பச் சட்டைக்குள் நீர் ஓடுகிறதா?

இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் இந்தப் பழுதுதான் எல்லாவற்றையும்விட அடிக்கடி வருகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் கிடக்கும் நீர். கேத்தலின் அடியில் காறை காறையாகப் பிடிக்கும் அந்த வெள்ளைப் படிவு, வெப்பநீர்த் தொட்டியின் சுருளிலும் பம்பியின் வாயிலும் மெல்லிய குழாய்களிலும் அதே போலப் பிடிக்கும். தொட்டியின் வெப்பமானி 37 என்று காட்டும். அறையைச் சுற்றியுள்ள சட்டைக்குள் நீர் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். அறைக்குள் 33 இருக்கும். மின்விசிறி போட்டால் இன்னும் இறங்கும், நிறுத்தினால் ஏறும், கோடும் அதன்படியே ஆடும்.

ஒரு தடவை மூன்று வாரம் மின்வாயோடு மல்லுக்கட்டினோம். மென்சவ்வை நான்கு முறை மாற்றினோம். ஐந்தாம் முறை மாற்றக் குனிந்தபோது சட்டையிலிருந்து நீர் திரும்பும் குழாயில் என் விரல் பட்டது. உள்ளே போகும் குழாய் இளஞ்சூடாக இருந்தது. திரும்பும் குழாய் பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் ஊசித்துளை மட்டும் மிஞ்சியிருந்தது. மற்ற இடமெல்லாம் சுண்ணாம்பு. அன்றிலிருந்து எந்தப் பழுதுக்கும் முதல் வேலையாக இரண்டு குழாய்களையும் இரண்டு விரல்களால் தொட்டுப் பார்க்கிறேன்.

இரண்டும் ஒரே சூடாக இருந்தால் அடுத்த காரணத்துக்குப் போங்கள். வேறுபட்டால் வினாகிரியை அல்லது சித்திரிக்கமிலக் கரைசலை ஓரிரவு உள்ளே நிறுத்தி, காலையில் நன்றாக அலசுங்கள். பிறகு கிணற்று நீரைத் தொட்டிக்குள் விடாதீர்கள். காய்ச்சி வடித்த நீர் போதாவிட்டால் மாரியில் சேர்த்த மழைநீர் நல்லது. காய்ச்சி வடிக்கும் கருவியிலும் இதே காறை பிடிக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். பொசுபேற்றுக் கரைசல் கலக்கியவுடன் பால் போல மங்கினால் வடித்த நீருக்குள் கல்சியம் வந்துவிட்டது என்று பொருள்.

### மென்சவ்வும் மின்பகுபொருளும்

டெஃப்லோன் மென்சவ்வில் சுருக்கமோ, அடியில் குமிழியோ, உலர்ந்த உப்புப் பூவோ தெரிந்தால் மாற்றிவிடுங்கள். பொற்றாசியம் குளோரைட்டில் நனைத்த சிகரெட் சுற்றும் தாளின் சிறு துண்டு, அதன்மேல் மென்சவ்வு, அதன்மேல் வளையம். சவ்வின் நடுப்பகுதியில் விரல் படக் கூடாது. வெள்ளி நேர்வாயில் தடித்த கறுப்புப் படிந்திருந்தால் நுண்ணிய அலுமினாப் பசையால் மெல்லத் தேய்த்துக் கழுவுங்கள்.

### எப்போது பொறியாளரை அழைப்பது?

புதிய மென்சவ்வு போட்டாயிற்று, நேர்வாயைத் துலக்கியாயிற்று, 37 பாகை உறுதியாகிவிட்டது. இனிச் சோடியம் டைதயோனைற்றில் சில துகள்களைப் போடுங்கள். கோடு பூச்சியத்தை ஒட்டி வந்து நிற்க வேண்டும். நிற்காமல் மேலே தொங்கினால் மின்வாயின் பிசின் வெடித்திருக்கலாம், அல்லது மின்னழுத்தம் கொடுக்கும் பெட்டி பழுதாகியிருக்கலாம். பல்மானியால் அளந்தால் ஏறத்தாழ 0.7 வோல்ற்று இருக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டியைத் திறக்காதீர்கள். கொழும்பிலிருந்து ஆள் வர நாளாகும், செலவும் ஆகும். ஆனால் திறந்த பெட்டிக்கு உத்தரவாதம் போய்விடும்.

## அறிகுறி 2: குளுக்கோசு விட்டும் சரிவு மாறவில்லை

மாணவர்களின் முகம் வாடுவது இங்கேதான். கலங்கள் கெட்டுவிட்டன என்று உடனே முடிவுகட்டிவிடுவார்கள். ஆனால் காரணம் பெரும்பாலும் கலத்துக்கு வெளியே இருக்கும்.

### நீங்கள் விட்டது குளுக்கோசுதானா?

நகைப்புக்குக் கேட்கவில்லை. நாம் வீட்டில் எல்லாவற்றையும் "சீனி" என்கிறோம். பரிசோதனைக் குறிப்பிலும் ஒருவர் "சீனி 10 மில்லிமோலர்" என்று எழுதிவைக்க, அடுத்த ஆண்டு வந்த பிள்ளை அதை நம்பி மேசைச் சீனியைக் கரைத்துவிட்டார். அது சுக்குரோசு. மதுவம் அதை உடைத்து உண்ணும். ஹீலா கலம் அதைத் திரும்பியும் பார்க்காது. மருந்துக்கடையில் விற்கும் குளுக்கோசு மாவிலும் உயிர்ச்சத்தோ கல்சியமோ கலந்திருக்கலாம். இன்னொரு பொறி: அலுமாரியில் கலக்டோசும் குளுக்கோசும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரியான வெள்ளைப் போத்தல்களில் இருக்கின்றன. கலக்டோசைக் கலம் மிக மெதுவாகவே உடைப்பதால் சுவாசம் அடங்காது. இதைத் தெரிந்தே கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்தலாம். தெரியாமல் பயன்படுத்தினால் ஒரு மாதம் போய்விடும்.

போத்தலில் ஒற்றை நீரேற்று என்று எழுதியிருந்தால் மூலக்கூற்று நிறை 180 அல்ல, 198. பழைய கரைசலை வெளிச்சத்தில் ஆட்டிப் பாருங்கள். எங்கள் வெயிலில் மேசையில் கிடந்த குளுக்கோசுக் கரைசலில் இரண்டு நாளில் நூல் போலப் பூஞ்சணம் மிதக்கும்.

### கலங்கள் ஏற்கெனவே குளுக்கோசில் நிற்கின்றனவா?

பசித்திருப்பவருக்குச் சோறு போட்டால்தான் வேறுபாடு தெரியும். கலங்களை வளர்க்கும் உயர் குளுக்கோசு டீஎம்இஎம் ஊடகத்தில் 25 மில்லிமோலர் குளுக்கோசு இருக்கிறது; ஆர்பிஎம்ஐ 1640 என்ற ஊடகத்தில் ஏறத்தாழ 11. சீரத்திலும் குளுக்கோசு உண்டு. ஒரே தடவை கழுவிவிட்டு, குழாயின் அடியில் அரை மில்லிலீற்றர் பழைய ஊடகத்தை மிச்சம் வைத்தால் கலம் பசிக்கவே தொடங்காது. நீங்கள் பிறகு விடும் 20 மைக்ரோலீற்றர் அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

இதை உறுதிப்படுத்த நான் செய்யும் வேலை எளிது. அம்மாவின் நீரிழிவுக்காக வீட்டில் வைத்திருக்கும் குளுக்கோசுமானி போன்ற ஒன்று ஆய்வுகூட இழுப்பறையிலும் இருக்கிறது. கடைசிக் கழுவலின் மேல்நீரில் ஒரு துளியைப் பட்டியில் தொடுங்கள். அது இரத்தத்துக்காகச் செய்யப்பட்ட கருவி, எனவே எண்ணை நம்ப வேண்டாம். இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் பாருங்கள். குறைவு என்ற குறி வந்தால் கழுவல் போதும். எண் ஏதாவது வந்தால் இன்னொரு தடவை மையநீக்கியில் சுற்றிக் கழுவுங்கள்.

### அறைக்குள் நேற்றைய மருந்து ஒட்டியிருக்கிறதா?

ஒலிகோமைசினும் இணைப்பு நீக்கிகளும் தண்ணீருக்கு அசைய மாட்டா. மூடியின் தண்டிலும் இறப்பர் வளையத்திலும் ஒளிந்திருக்கும். இங்கே கோடு இரண்டு விதமாகப் பேசும்.

தொடக்கச் சரிவே வழக்கத்தைவிட மிகத் தளர்ந்திருந்து, குளுக்கோசுக்கும் அசையவில்லை என்றால் ஒலிகோமைசின் மிச்சம் இருக்கிறது. குறைய வேண்டியது முன்பே குறைந்துவிட்டது. தொடக்கச் சரிவு வழக்கத்தைவிடச் செங்குத்தாக இருந்து, குளுக்கோசுக்கு அசையவில்லை என்றால் இணைப்பு நீக்கி மிச்சம் இருக்கிறது.

இரண்டுக்கும் ஒரே மருந்துதான். 70 சதவீத எதனோலால் அறையை நிரப்பி, மூடியையும் உள்ளே இறக்கிப் பத்து நிமிடம் கலக்கவிட்டு வெளியேற்றுங்கள். மூன்று தடவை. பிறகு நீரால் மூன்று தடவை. ஒவ்வொரு மருந்துக்கும் தனி ஊசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஊசிகளின் தலையில் நகப்பூச்சால் நிறப் பொட்டு வைத்திருக்கிறோம்: குளுக்கோசுக்கு வெள்ளை, ஒலிகோமைசினுக்குச் சிவப்பு, இணைப்பு நீக்கிக்குப் பச்சை. இந்தப் பொட்டு வந்த பிறகு இந்த முறைப்பாடு பெரிதும் குறைந்துவிட்டது.

### கலங்கள் உயிரோடு இருக்கின்றனவா, இணைப்போடு இருக்கின்றனவா?

இறந்த கலங்களுக்கு மட்டும் நிறமேற்றும் ட்ரைபான் நீலத்தில் ஒரு துளி கலந்து நுணுக்குக்காட்டியில் எண்ணுங்கள். நூற்றில் பத்துக்கு மேல் நீலமாகத் தெரிந்தால் அன்றைய வேலையை நிறுத்திவிடுங்கள். கலத்தைத் தட்டிலிருந்து கிளப்பும்போது டிரிப்சினில் அதிக நேரம் விட்டதோ, குழாயில் மூச்சுமுட்ட நெடுநேரம் நிறுத்தியதோதான் பெரும்பாலும் காரணம்.

நீலம் குறைவாக இருந்தும் குளுக்கோசு வேலை செய்யாவிட்டால், புதிய கலங்களுக்கு ஒலிகோமைசின் விட்டுப் பாருங்கள். சரிவு நன்றாகத் தளர்ந்தால் இழைமணிகள் நலம். மேலே சொன்ன காரணங்களுக்குத் திரும்புங்கள். தளராவிட்டால் இழைமணியின் உட்சவ்வு ஒழுகுகிறது. ஒழுகும் இழைமணியில் கிராப்ட்ரீ விளைவைத் தேடுவது ஓட்டைக் குடத்தில் நீரளப்பது போன்றது. புதிய கலங்களோடு தொடங்குங்கள்.

### எல்லாம் சரி, இன்னும் வரவில்லையா?

எல்லாப் புற்றுக் கல இனங்களும் இந்த விளைவை ஒரே அளவில் காட்டுவதில்லை. உங்கள் இனம் அதை மிகக் குறைவாகக் காட்டும் ஒன்றாக இருக்கலாம். பல வாரம் கலக்டோசில் வளர்த்த கலமும் பழக்கம் மாறியிருக்கும். முன்பு ஒழுங்காகக் காட்டிய இனம் ஒன்றை அதே நாளில், அதே அறையில் ஓட்டுங்கள். அது காட்டி, உங்கள் கலம் காட்டாவிட்டால் அது பழுது அல்ல. அது உங்கள் முடிவு. அதை அப்படியே எழுதுங்கள். மேற்பார்வையாளரிடம் போக வேண்டிய இடம் இது. எதிர்பார்த்தது வரவில்லை என்பதற்காகச் செறிவை ஏற்றி ஏற்றிப் பார்க்காதீர்கள்.

## அறிகுறி 3: குளுக்கோசு இல்லாத வெறும் கரைசல் விட்டாலும் சரிவு குறைகிறது

இதைக் கண்டுபிடித்தவர் கெட்டிக்காரர். பலர் வெறும் கரைசலை விட்டுப் பார்ப்பதே இல்லை. இறங்கியதெல்லாம் கிராப்ட்ரீ என்று எழுதிவிடுகிறார்கள். அதே 20 மைக்ரோலீற்றரில் 1 மோலர் மனிற்றோலையும் ஒரு முறை விட்டுப் பாருங்கள். கலம் மனிற்றோலை உண்ணாது, ஆனால் கரைசலின் அடர்த்தி குளுக்கோசு விட்டது போலவே கூடும். மனிற்றோலுக்கும் சரிவு தளர்ந்தால் கலத்தின் மூச்சுக்கும் அந்தத் தளர்ச்சிக்கும் தொடர்பில்லை.

அப்போது கலக்கியைப் பாருங்கள். காந்தத் துண்டு தடக்கி நின்றிருக்கலாம். கலங்கள் அடியில் படிந்து, மின்வாய் மெல்லிய சகதிக்குள் கிடக்கும். மாலை ஆறரைக்குப் பிறகு அயலிலுள்ள வீடுகளிலெல்லாம் விளக்கேறும்போது எங்கள் பக்கம் மின்னழுத்தம் இறங்கும். கலக்கி சோர்ந்து சுற்றுவது காதுக்கே கேட்கும். முக்கியமான ஓட்டங்களைக் காலையில் வையுங்கள், இல்லாவிட்டால் கலக்கியை யூபிஎஸ் ஊடாகக் கொடுங்கள். கலங்கள் திரள் திரளாக ஒட்டியிருந்தாலும் இதே கோடு வரும். மெல்லிய குழாய்முனையால் சில தடவை உறிஞ்சி விட்டுப் பிரியுங்கள்.

இன்னொன்று: குளுக்கோசை எப்போது விடுகிறீர்கள்? அறையில் ஒட்சிசன் பாதிக்கு மேல் இருக்கும்போதே விட்டுவிடுங்கள். தீரும் தறுவாயில் விட்டால் கோடு எப்படியும் வளைந்துதான் தட்டையாகும்.

## அறிகுறி 4: குளுக்கோசு விட்டதும் சுவாசம் கூடுகிறது

சில விநாடி அல்லது ஒரு நிமிடத்தளவு கூடி, பிறகு தளர்ந்தால் அது பழுதே அல்ல. எர்லிச் வயிற்றுநீர்ப் புற்றுக் கலங்களில் இது நன்கு அறியப்பட்டது. குளுக்கோசில் பொசுபேற்றை ஏற்றும் முதல் வேலைக்குக் கலம் ஏரிபியைச் செலவழிக்கிறது. அதனால் பிறக்கும் ஏடிபி (ADP) இழைமணியை ஒரு கணம் முடுக்கிவிடுகிறது. அந்த முடுக்கத்தைச் சராசரிக்குள் சேர்க்காமல், இரண்டு நிமிடத்துக்குப் பிறகு உள்ள சரிவை அளவிடுங்கள்.

கூடியது கூடியபடியே நின்றால் கரைசலில் நுண்ணுயிர் இருக்கலாம். கலம் இல்லாத அறைக்குள் அதே குளுக்கோசை விடுங்கள். கோடு இறங்கினால் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்து வடிகட்டுங்கள்.

## அறிகுறி 5: போன வாரம் வந்தது இந்த வாரம் வரவில்லை

ஊடகத்தின் நிறத்தை முதலில் பாருங்கள். காபனீரொட்சைட்டு அடைகாப்பானுக்கு வெளியே அரை மணி நேரம் இருந்த தட்டில் ஊடகத்தின் அமிலகார நிலையைக் காட்டும் பீனோல் சிவப்பு கத்தரிப்பூ நிறத்துக்குப் போகும், காரம் கூடிவிட்டது. மாறாக எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் கலங்கள் நெருங்கி வளர்ந்து குளுக்கோசைத் தின்று இலத்திக்கமிலத்தால் ஊடகத்தை நிறைத்துவிட்டன. இரண்டு தட்டிலும் இருக்கும் கலங்கள் உங்கள் போன வாரக் கலங்கள் அல்ல. ஒவ்வொரு தடவையும் ஒரே நெருக்கத்தில், ஊடகம் மாற்றி ஒரே மணி நேரத்துக்குப் பிறகு எடுங்கள்.

மின்வெட்டுப் பதிவேட்டைப் பாருங்கள். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் நின்ற நாட்கள் எங்களுக்கு ஒரு பாடமாகிவிட்டன. அடைகாப்பான் ஆறிப்போய் மீண்டும் சூடேறிய பிறகும் கலங்கள் தட்டில் ஒட்டிக்கொண்டு, பார்வைக்கு நலமாகவே இருந்தன. மின்வாயில் போட்டால் ஒரு நாளைப் போல மறுநாள் இல்லை. அப்போதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் நின்றால் அந்தத் தட்டின் மூடியில் தேதியிட்டு ஒரு கோடு போடுகிறோம். அதை அளவீட்டுக்கு எடுப்பதில்லை. குறைந்தது இரண்டு தடவை பிரித்து வளர்த்த பிறகே நம்புகிறோம்.

நிறமும் மின்சாரமும் குற்றமற்றவை என்றால் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பற்றீரியாவைச் சந்தேகியுங்கள். ஊடகம் கலங்காது. சாதாரண நுணுக்குக்காட்டியில் தெரியாது. கலச்சுவர் இல்லாததால் பெனிசிலின் அதைத் தொடாது. ஆனால் கலத்தின் உணவில் பங்கு கேட்டுக்கொண்டே இருக்கும், உங்கள் எண்கள் வாரத்துக்கு வாரம் அலையும். அதன் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் வசதியுள்ள கூடத்துக்கு மாதிரியை அனுப்புங்கள். இதை ஊகத்தால் தீர்க்க முடியாது. தொற்று உறுதியானால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எல்லாத் தட்டுகளையும் அழித்து, அடைகாப்பானைத் துடைத்து, உறைநிலையில் வைத்திருக்கும் பழைய குப்பியிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் குப்பியையும் சோதித்த பிறகே. மருந்து விட்டுக் காப்பாற்றப் பார்த்துப் பக்கத்துத் தட்டுகளையும் இழந்திருக்கிறோம்.

அடைகாப்பானின் காபனீரொட்சைட்டு உணரி பிழைக்கிறது என்று தெரிந்தால் அதற்கும் பொறியாளரே வேண்டும்.

## அறிகுறி 6: கோடு சரி, எழுதிய முடிவு பிழை

இதைப் பழுது என்று யாரும் என்னிடம் கொண்டுவருவதில்லை. நானாகவே குறிப்பேடுகளில் காண்கிறேன். மற்ற ஐந்தையும்விட இதுதான் என்னைத் தூங்கவிடாதது.

"குளுக்கோசு புற்றுக் கலத்தின் சுவாசத்தை அழிக்கிறது" என்று எழுதியிருப்பார்கள். அழித்ததா, அடக்கியதா என்று சோதித்தீர்களா? குளுக்கோசால் கோடு தளர்ந்த பிறகு இணைப்பு நீக்கியைச் சிறு சிறு அளவாக விடுங்கள். கோடு மீண்டும் செங்குத்தாக இறங்கினால் சுவாசப் பொறி முழுமையாக இருக்கிறது; வேலை குறைந்ததால் மெதுவாக ஓடியது, அவ்வளவுதான். இறங்காவிட்டால் அளவு கூடிவிட்டதா என்று பாருங்கள், ஏனென்றால் இணைப்பு நீக்கி மிஞ்சினால் அதுவே சுவாசத்தை அடக்கும். 1931 இல் நோபல் பரிசு பெற்ற ஓட்டோ வார்பர்க்கே புற்றுக் கலத்தின் சுவாசம் மீளமுடியாதபடி கெட்டுவிட்டது என்று 1956 இலும் வாதாடினார். பல புற்றுக் கலங்களில் இழைமணிகள் நன்றாகவே மூச்சுவிடுகின்றன என்பது இன்று தெரிந்த விடயம். அவ்வளவு பெரியவர் சறுக்கிய இடத்தில் நாம் ஒரு துளி இணைப்பு நீக்கிக்குச் சோம்பக் கூடாது.

அடுத்தது செறிவு. பட்டினியில் இருக்கும் நலமான ஒருவரின் இரத்தத்தில் ஏறத்தாழ 5 மில்லிமோலர் குளுக்கோசு இருக்கும். நம் ஊடகத்தின் 25 அதைப்போல ஐந்து மடங்கு. தட்டில் கண்டதை உடம்பில் கண்டதாக எழுதுவது தப்பு. குறைந்தது 5 மில்லிமோலரிலும் ஒரு ஓட்டம் செய்து, இரண்டு கோடுகளையும் பக்கத்தில் வையுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த வாக்கியங்கள் ஆய்வுகூடத்துக்குள் நிற்பதில்லை. எங்கள் மாணவி ஒருத்தி ஒரு நாள் கதவருகே நின்று கேட்டாள்: "அக்கா, சீனிதானே புற்றுக்குச் சாப்பாடு? அம்மாவுக்குச் சோறு, புட்டு எல்லாம் நிறுத்திவிட்டோம். பனங்கட்டியும் கொடுப்பதில்லை. சரிதானே?" அவளுடைய அம்மா தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்குச் சிகிச்சைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். ஒரு மாதத்தில் சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டார் என்று அவளே சொன்னாள். நான் கதிரையை இழுத்துப் போட்டு அவளை இருத்தினேன்.

"பிள்ளை, நீ வாயால் கொடுக்காவிட்டாலும் ஈரல் குளுக்கோசு செய்து இரத்தத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சோற்றை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது, அம்மாதான் மெலிவார். மெலிந்தால் மருந்தைத் தாங்கும் பலம் குறையும்."

இந்தக் கேள்வி யாரிடமிருந்து வந்தாலும் செய்ய வேண்டியவை இவை. நோயாளிக்கு நீரிழிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் இனிப்பின் அளவை அவருடைய வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். இல்லையென்றாலும் சாப்பாட்டை நிறுத்துவதோ குறைப்பதோ உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. கடந்த நான்கு வாரங்களில் எடை குறைந்ததா, விழுங்கக் கடினமா, வாந்தி உண்டா என்று விசாரியுங்கள். ஒன்றுக்கேனும் ஆம் என்றால் அடுத்த திகதிவரை காத்திராமல் கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள். மின்வாயோடு நாம் செய்யக்கூடியது அங்கே எதுவும் இல்லை.

அந்தப் பிள்ளையின் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அம்மா நாளொன்றுக்குச் சாப்பிடுவது என்ன, எடை எந்தத் திகதியில் எவ்வளவு என்று இரண்டு நிரல் போட்டுக் கொடுத்தேன். அதைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்து வைத்தியரிடமும் உணவு ஆலோசகரிடமும் காட்டச் சொன்னேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அம்மாவோடு போனாள்.